எண்ணிப் பார்த்த தட்டு

தோட்டத் தொழிலாளி குடும்பத்தோடு கடையில் உண்பதை ஊதாரித்தனம் என்று இடித்துரைக்கும் பெரியோர் இன்றும் உளர். அவர்கள் ஒருநாள் எங்கள் தெஹியோவிட்டக் கடைவீதிக்கு வரட்டும்.

2025 தைப்பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து ஊர் திரும்பிய நான், பெற்றோரையும் தங்கையையும் அங்கே அழைத்துச் சென்றேன். இலங்கைத் தேநீர்க் கடைகளின் வழக்கப்படி, கேளாமலே ரோல்ஸும் வடையும் அடுக்கிய தட்டொன்று மேசைக்கு வந்தது. தின்றதற்கு மட்டுமே காசு. மிஞ்சியது அடுத்த மேசைக்குப் போய்விடும். அம்மா தட்டைத் தொடாமல் எண்ணினாள். சம்பளத் துண்டில் பிடித்தங்களை எண்ணிப் பழகிய கண்கள் அவை.

வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே ரப்பர் மரம் வெட்டப் போகிறவள் அவள். மழையில் பட்டை நனைந்தால் அன்று வெட்டில்லை. தோட்டத்து நாட்கூலி 2021இல் 1000 ரூபாய் என்றும் 2024இல் 1350 ரூபாய் என்றும் வர்த்தமானியில் வெளிவந்தது. நால்வரும் கொத்துரொட்டி உண்டு முடித்தபோது வந்த கணக்கோ, ஏறத்தாழ மூன்று நாட்கூலி! பெரியோர் இக்கணக்கைக் கொத்துரொட்டியின் பக்கமிருந்து பார்க்கிறார்கள். நான் கூலியின் பக்கமிருந்து பார்க்கிறேன்.

ஆயினும் அன்று நாங்கள் நன்றாகவே உண்டோம்; கூச்சமின்றி எழுதுகிறேன். அப்பா இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினார். கடைசியில் அம்மாவும் ஒரு ரோல்ஸை எடுத்தாள். பாதியைத் தங்கைக்குப் பிய்த்துக் கொடுத்தாள். மேசை துடைக்க வந்த இளைஞனை நிமிர்ந்து பார்த்து, “நீ சாப்பிட்டாயா, மகனே?” என்று சிங்களத்தில் கேட்டாள்.