பதின்மூன்று வயதுக்குப் பிறகு பிள்ளை எங்கே போகிறது?



மன்னாரில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்து படிக்கும் பாடசாலைகளில் நாங்கள் சிலர் படிப்பிக்கிறோம். பல நாளாக எங்களுக்குள் பேசிவரும் ஒரு விடயத்தை இன்று எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பிள்ளை வளர்ப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வகுப்புக் கத்தோலிக்கப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே முதல் நன்மை வாங்கிவிடுவார்கள். பிறகு உறுதிபூசுதலுக்கு ஆயத்த வகுப்பு. அதோடு கோயில் அவர்களை விட்டுவிடுவதில்லை. மறைக்கல்வி, பாடகர் குழு, இளையோர் ஒன்றியம் என்று தொடரும். தவக்காலத்தில் சிலுவைப்பாதை, பெரிய வெள்ளிக்குத் திருப்பாடுகளின் நாடகம், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாவற்றிலும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கும். வகுப்பில் வாய் திறக்காத பையன், ஞாயிறு பூசையில் நிறைந்த கோயிலுக்கு முன்னால் வாசகம் வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்டிருக்கிறோம்.

இன்னொன்று, ஞானப்பெற்றோர். உறுதிபூசுதல் பெறும் பிள்ளைக்குத் தாய் தகப்பனைத் தவிர இன்னொரு பெரியவர் பொறுப்பு நிற்கிறார். கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே நம்பிப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று கலாசாலையில் உளவியல் பாடத்தில் படித்தோம். நாங்கள் புத்தகத்தில் படித்த ஆளை அவர்கள் பெயர் சொல்லி நியமிக்கிறார்கள்.

2019 மார்ச் 25 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் இளையோருக்கென்று ஒரு மடலில் ஒப்பமிட்டார். இளையோரை நாளைக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள், இன்றைக்கே அவர்களுக்கு இடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு நான்கு வாரம் ஆகவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பூசையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களுக்கு எங்களுடையதைப் போன்ற பெயர்கள்.

பாடசாலை திறந்த நாள் ஒரு தாய் கேற்றடியில் எங்களுக்காகக் காத்து நின்றா. "டீச்சர், மகன் உங்கட முகத்தப் பாக்க வெக்கப்படுறான். கோவத்துல போன்ல ஏதோ எழுதிப் போட்டானாம். நீங்களே கூப்பிட்டுக் கதைங்க" என்றா. இளையோர் ஒன்றியப் பிள்ளைகளைப் பெற்றோரோடு இருத்தி, பாதர் இரண்டு பின்னேரம் பேச விட்டிருக்கிறார். கோபத்தை அடக்கு என்று சொல்லவில்லையாம். எல்லாவற்றையும் கொட்டவிட்டு, கடைசியில் "உன்ர வகுப்பு டீச்சர் ஆர்?" என்று மட்டும் கேட்டாராம். மகன் எங்கள் பெயரைச் சொல்லிவிட்டு அழுதானாம். அன்று நாங்கள் அந்த வகுப்புக்குள் போகக் காலில் பலம் வந்தது அந்தத் தாயால்தான்.

அதே கிழமை எங்கள் பையன்களும் பயத்தோடும் அவமானத்தோடும்தான் வந்து இருந்தார்கள். அவர்களைத் தாய் தகப்பனோடு இருத்தி, "உன் மனசுல என்ன இருக்கு?" என்று கேட்க ஊரில் ஒரு இடம் இருக்கவில்லை. குர்ஆன் மத்ரஸா பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பிறகு டியூஷன். டியூஷன் இல்லாத நேரம் சந்தி, போன். இன்று அந்தச் சந்திகளில் ஐஸ் விற்கிறவனுக்கு எங்கள் பிள்ளைகளின் பெயர் தெரியும். பள்ளி நிர்வாகத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் கஞ்சி பகிர்வதும், இஃப்தாருக்குப் பாய் விரிப்பதும் இதே பையன்கள்தானே. பொறுப்பைக் கொடுத்தால் விடியவிடிய நிற்பார்கள். அந்த ஒரு மாதத்தை மற்றப் பதினொரு மாதத்துக்கும் நீட்ட முடியாதா? கிழமைக்கு ஒரு பின்னேரம், அஸருக்குப் பிறகு. பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் ஒரு இடம். மாதம் ஒருமுறை உம்மா வாப்பாவும் கூட. பயான் வேண்டாம், பிள்ளைகள் பேசட்டும். நாங்கள் ஆசிரியர்கள் வந்து இருக்கத் தயார்.

உங்கள் பள்ளி நிர்வாகத்தில் யாரையாவது தெரிந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.