அக்கிக்குப் பின் வந்த வலி

ஆடி 4
அக்கி ஆறித் தழும்பும் மங்கிவிட்ட பின்னரும், வலது விலாவைச் சுற்றி அது படர்ந்த தடத்தில் வலி மாத்திரம் குடியிருக்கிறது. பனியனின் நூல் படுவதே சுரீரென்கிறது. போர்வையை ஒரு கையால் உடம்பினின்று தூக்கிப் பிடித்தபடியே இரவைக் கழிக்கிறேன். கிருமி நரம்பையே சிதைத்துவிட்டபடியால், வெறும் ஸ்பரிசமும் வேதனையாகவே மூளைக்குப் போய்ச் சேருகிறதென்று வைத்தியர் விளக்கினார். ப்ரீகாபலின் மாத்திரை ஓரளவே தணிக்கிறது.

ஆடி 6
மருமகன் 'விஜயா' எனும் எண்ணெய்ப் புட்டியொன்று கொண்டுவந்தான். "கஞ்சா இலையில் எடுத்ததுதான் மாமா, ஆயுர்வேத வைத்தியர் சீட்டின் பேரில் சட்டப்படி கிடைப்பது. பயப்படாதீர்கள்" என்றான். அவன் சொல்வது மெய்யே. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவென்று வரையறுத்துத் தடுப்பது பூ நுனியையும் பிசினையுமே. இலையும் விதையும் தனித்திருந்தால் அதன் வரையறைக்குள் வரா.

ஆடி 9
கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஓஷாக்னஸி கஞ்சாவைப் பற்றி 1839இல் எழுதியதை நாளெல்லாம் வாசித்தேன். நம் தேசத்து வைத்தியர்களும் பக்கிரிகளும் அறிந்திருந்த இச்சரக்கை முதலில் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பின்னரே நோயாளிகளிடம் பிரயோகித்த அம்மனிதர், வாதநோயால் வருந்திய ஒருவருக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு கிரெயின் பிசின் கொடுக்க, அவர் நான்கு மணிக்குப் பாடத் தொடங்கி, ஆறு மணிக்கு உறங்கி, எட்டு மணிக்கு நினைவிழந்து, தூக்கி வைத்த கை வைத்தபடியே நிற்கக் கிடந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நிவாரணம் கண்டதையும் அபாயம் நேர்ந்ததையும் ஒரே ஏட்டில் பதிந்த அந்த நேர்மைதான் இன்று விளம்பரம் செய்வோரிடமும் இல்லை, பெயரைக் கேட்டதுமே முகம் சுளிப்போரிடமும் இல்லை.

ஆடி 10
நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்துகள் கொடுத்துச் செய்த 16 பரிசோதனைகளை, 1,750 நோயாளிகளின் விவரங்களுடன், காக்ரேன் ஆய்வாளர் 2018இல் ஒருசேரப் பரிசீலித்தனர். வலி பாதியேனும் குறைந்தவர் மருந்துண்டோரில் நூற்றுக்கு 21 பேர், போலி மருந்துண்டோரில் 17 பேர். தலைசுற்றல், மயக்கம் முதலிய நரம்புத் தொல்லைகள் கண்டவரோ முறையே 61 பேர், 29 பேர். பிரிட்டனில் அதே ஆண்டு நவம்பரில் விசேஷ வைத்தியர் கஞ்சா மருந்தை எழுதித்தர அனுமதி பிறந்தது. மறு ஆண்டே, நாட்பட்ட வலிக்கு இதைத் தரவேண்டாமென்று அந்நாட்டு மருத்துவ வழிகாட்டிக் குழு சொல்லிவிட்டது. ஆயினும் நூற்றுக்கு மிகையாக நிவாரணம் கண்ட அந்த நான்கு பேரை அற்பமென்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கு அந்நால்வரில் ஒருவனாகும் ஆசை எழாதா?

ஆடி 12
வைத்தியரிடம் புட்டியை நீட்டினேன். அவர் சினக்கவில்லை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லேபிலை இருமுறை வாசித்தார். கஞ்சாவின் போதைச் சத்தான டி.எச்.சி. ஒரு சொட்டில் எவ்வளவென்று அதில் அச்சிடவில்லை. "ஐயா, மாத்திரையும் இதுவும் இரண்டுமே கிறக்கம் தருபவை. இராத்திரி எழுந்து நடக்கையில் விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். முதலில் லிடோகெயின் பட்டை ஒட்டிப் பார்ப்போம். அதற்கும் அடங்காவிட்டால், அளவு தெரிந்த எண்ணெயாக இருந்தால், ஆயுர்வேத வைத்தியரையும் கலந்துகொண்டு மிகக் குறைவாகத் தொடங்கலாம்" என்றார். மாலையில் புட்டியை மருமகனிடமே கொடுத்து, உள்ளிருக்கும் சத்தின் அளவைக் கேட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதச் சொன்னேன்.