விடுமுறைக்கு மலேசியா: போகுமுன் சில வார்த்தைகள்



சுவிசுக்கு வந்து வதிவிட அட்டை கையில் கிடைத்ததும் எங்கள் வீடுகளில் எழும் முதற் கேள்வி, ஊரிலிருக்கும் தாய் தகப்பனை எங்கே வைத்துக் காண்பது என்பதுதான். நாங்கள் ஊருக்குப் போக முடியாது. அவர்களுக்கு இங்கே வர விசா கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே நடுவிலே ஒரு நாட்டைத் தேட வேண்டியிருக்கிறது. பலர் இந்தியாவுக்குப் போகிறார்கள். நாங்கள் 2024 ஜூலையில் மலேசியாவுக்குப் போனோம். நான் பொதி கட்டும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவன், படிப்பு ஓ.எல்.லுடன் சரி. ஆனாலும் இந்த இரண்டு கிழமைக்காக நானும் மனைவியும் ஒன்றரை வருடம் காசு சேர்த்து, விசாரித்து, திட்டம் போட்டோம். புதிதாக வந்த குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் கடதாசி அலுவல். ரிக்கற் விற்கும் இடத்தில், "சுவிஸ்காரருக்கு மலேசியாவில் விசா தேவையில்லை, 90 நாள் நிற்கலாம்" என்றார்கள். அது சுவிஸ் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு. எங்கள் கையில் இருப்பது அகதிகளுக்கான பயணப் பத்திரம். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. எனவே ரிக்கற்றுக்குக் காசு கட்டுமுன் பேர்ணில் உள்ள மலேசியத் தூதரகத்துக்கு எழுத்தில் கேட்டு, விசாவை எடுத்த பிறகே மற்ற அலுவல்களைப் பாருங்கள். எஃப் அட்டை உள்ளவர்கள் வெளிநாடு போவதற்குக் காரணம் காட்டித் திரும்பிவரும் அனுமதி பெற வேண்டும். அகதிக் கோரிக்கை முடியாமல் என் அட்டையில் இருப்பவர்கள் தயவுசெய்து பொறுத்திருங்கள்.

ஊரிலிருந்து வருபவர்களின் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா வேண்டியிருந்தது. இணையம் மூலம் விண்ணப்பித்தோம். கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் இருக்க வேண்டும். இவை தவிர, இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டிய வருகைப் படிவம் ஒன்றும் உண்டு. வயதானவர்களால் இது ஏலாது. நாங்கள் இங்கிருந்தே அம்மாவுக்கு நிரப்பி அனுப்பினோம்.

இனி நாள் பார்ப்பது. பிள்ளைகளின் கோடை விடுமுறையில்தான் நாங்கள் கிளம்பலாம். அந்தக் காலத்தில் அங்கே வெயிலும் இடைக்கிடை மழையுமாக இருக்கும், பயமில்லை. கொழும்பிலிருந்து கோலாலம்பூர் நாலு மணித்தியாலத்துக்குள். சூரிச்சிலிருந்து வழியில் விமானம் மாற வேண்டும், ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். நாங்கள் ஒருநாள் முந்தி இறங்கும்படி ரிக்கற் எடுத்தோம். அம்மா வெளியே வரும்போது நாங்கள் வாசலில் நிற்க வேண்டும் என்பதற்காக. அவர் முதன்முறையாக விமானம் ஏறியவர். பதினாலு வருடத்துக்குப் பிறகு என்னைக் கண்டதும் அழவில்லை. மகனைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "போனிலை இவ்வளவு உயரமாத் தெரியேல்லை" என்றார்.

தங்குவதற்கு பிரிக்பீல்ட்ஸ் நல்ல இடம். கே.எல். சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கம். விமான நிலையத்திலிருந்து விரைவு ரெயிலில் அரை மணித்தியாலம். லிப்ட் உள்ள விடுதியா என்று கேட்டு எடுங்கள். காலையில் சாப்பாட்டுக் கடையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். மலேசியத் தமிழில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறல் என்றே பெயர். ரிங்கிட் என்ற பணத்தை அவர்கள் வெள்ளி என்கிறார்கள். ரொட்டி சானாயும் இழுத்து ஆற்றிய தேநீரும் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொண்டது. வெளியே சாப்பிடுவது சுவிசோடு பார்க்கையில் மிகவும் மலிவு. மின்சாரச் செருகி மூன்று தட்டை முள்ளுள்ள ஆங்கிலேய முறை. இங்கிருந்தே மாற்றி ஒன்று கொண்டுபோங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் எங்களுக்கு அந்நிய இடமல்ல. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரெயில் ஓடியது. அதன் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த பொடியன்கள் ரெயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கப்பல் ஏறினார்கள். எங்கள் அம்மப்பாவின் தமையனும் அப்படிப் போன ஒருவர்தான். மலாயா பென்ஷன் காசில் எழுந்த கல்வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனை! ஸ்கொட் வீதியில் அவர்கள் கட்டிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. அம்மா உள்ளே போனவுடன் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்து, "எங்கடை கோயில் மாதிரித்தான் கிடக்கு" என்று சொல்லி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அன்றைக்கு வேறெங்கும் போகவில்லை. திட்டத்தில் பெட்ரோனாஸ் கோபுரம் இருந்தது. அது போனால் போகட்டும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தார் கதிரையில் இருந்து வேலை பார்த்த காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் றப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். அந்த நாட்டில் இன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நிலைத்திருப்பதற்கு அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் முக்கிய காரணம். எங்கள் ஆட்களின் மலாயாப் பெருமையில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

பத்துமலைக்கு கே.எல். சென்ட்ரலில் இருந்து நேரே ரெயில் உண்டு. 2006இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையும் 272 படிகளும் எல்லாப் படங்களிலும் வரும். முழங்கால் நோ உள்ளவர்களுக்கு அந்தப் படிகள் ஏலாது. அடிவாரத்திலும் கோயில்கள் இருக்கின்றன. மனைவியும் பிள்ளைகளும் மேலே ஏறினார்கள். நான் அம்மாவோடு கீழே நிழலில் இருந்தேன். அப்பா 2017இல் கடைசியாக என்னென்ன சொன்னார் என்பதை அங்கேதான் கேட்டேன். போனில் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குரங்குகள் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போனது கூடத் தெரியாமல் இருந்தோம். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்கு மேல் போடாதீர்கள். பினாங்கு வரை ரெயிலில் போய்வர எண்ணி, அதையும் விட்டுவிட்டோம். வயதானவர்களுக்கு இடம் பார்ப்பதை விடப் பேசுவதற்கே நேரம் வேண்டும்.

சாப்பாட்டுக் கடையொன்றில் முல்லைத்தீவுத் தம்பி ஒருவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கையில் யூ.என். அகதி அட்டை. அந்த அட்டைக்கு அங்கே சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை. எந்த நாடு எடுக்கும் என்று வருடக்கணக்காகக் காத்திருக்கிறார். "அண்ணை, நீங்கள் அங்காலை போய்ச் சேந்திட்டியள்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? விடுமுறைக்கு வந்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இன்னொரு விடயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். கோலாலம்பூருக்கு வந்துவிட்டால் ஊர் பக்கத்தில் வந்ததுபோல இருக்கும். எனது மைத்துனர் போனில், "நாலு மணித்தியாலம் தானே, ஒருக்கா வந்து வீட்டைப் பாத்திட்டுப் போவன்" என்றார். அம்மா அப்படிக் கேட்கவில்லை. முற்றத்து மாமரம் இந்தமுறை நல்லாய்க் காய்த்தது என்று மட்டும் சொன்னார். எனக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை. சுவிசில் அகதியாக ஏற்கப்பட்டவர்கள் சொந்த நாட்டுக்குப் போகச் சட்டத்தில் தடை இருக்கிறது. போனால் அகதி உரிமையையே எடுத்துவிடலாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எங்கள் வேலை, எல்லாம் அந்த ஒரு உரிமையில்தான் தொங்குகிறது. போகவில்லை. நீங்களும் கிளம்புமுன்னரே வீட்டில் இருந்து இதைப் பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய் நின்று யோசித்தால் மனம் கேளாது.

திரும்பும் ரிக்கற்றை எடுக்கும்போது அவர்களின் விமானம் முதலிலும் உங்களுடையது பிறகும் வரும்படி பாருங்கள். வயதானவர்களைத் தனியே விமான நிலையத்தில் இருத்திவிட்டு நாங்கள் ஏறிப் போகக்கூடாது. சக்கர நாற்காலியையும் ரிக்கற் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அதற்குக் காசு கேட்கவில்லை. எங்களை உள்ளே விடாத இடத்தில் இருந்து விமானக் கதவு வரை அவர்களே தள்ளிக்கொண்டு போவார்கள். எங்களுக்கு வந்த பிள்ளை ஒரு தமிழ்ப் பிள்ளை. "பிள்ளை, உங்கடை ஆக்கள் எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டே அம்மா உள்ளே போனார்.