தேக்குத் தூணுக்கு எத்தனை பங்காளி?

கானாடுகாத்தானில் வாசல் ஒரு தெருவில் என்றால், பின்கட்டு அடுத்த தெருவில். பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல் என்று நகரத்தார் கடல் தாண்டிச் சம்பாதித்ததெல்லாம் வீடாக நிற்கிறது.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போக, அங்கிருந்து வந்த வரவும் நின்றது. பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்பிவிட, பல வீடுகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே திறக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் வீட்டையே பிரித்துவிடுகிறார்கள். அந்தத் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும். பார்க்க மனசு கேட்காது.

தப்பிய சில வீடுகள் ஹோட்டலாகிவிட்டன. கல்யாணப் பந்தி நடந்த கூடத்தில் வெளிநாட்டுப் பயணிகள் வெள்ளைப் பணியாரம் சாப்பிடுகிறார்கள். நெருடல்தான். ஆனால், ஓடு மாற்றக் காசு அங்கிருந்துதான் வருகிறது. காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ.; போய்ப் பாருங்கள்.