கடைமடைக்கு நீர்

தஞ்சைத் தரணியில் கோடைக்காலம் ஓய்வுக்காலம் அன்று. காவிரியிலும் வெண்ணாற்றிலும் பிரியும் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும் அந்நாள்களிலேதான் அவற்றைத் தூர்வாரிக் கரை கட்ட இயலும். ஊரார் ஒன்றுகூடிச் செய்யும் இப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். இதற்கு வர மறுப்போரிடம் பணம் பெறவும் வழிசெய்யும் சட்டம் ஒன்று 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கென இயற்றப்பட்டது. 2017-இல் தமிழ்நாட்டு அரசு இப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. சட்டம் ஆளைக் கொணர்ந்து வாய்க்காலில் நிறுத்தலாம். அவன் மண்வெட்டி எத்துணை ஆழம் பாய்கிறது என்பதை எந்தச் சட்டம் அளக்கும்?

1980-ஆம் ஆண்டையொட்டிய ஒரு வைகாசியில், எங்கள் ஊர் வாய்க்காலை வெட்டிய இளைஞருள் நானும் ஒருவன். எங்கள் நிலம் தலைமடையில் இருந்தது. வேலிக்கு ஓராள் என்பது ஏற்பாடு. (வேலி என்பது இருபது மா, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்.) அவரவர் வயலுக்கு எதிரே அவரவர் வெட்ட வேண்டும். தலைமடைக்காரராகிய நாங்கள் அரையடி வண்டலைச் சுரண்டிவிட்டுக் கரையேறினோம். ஆழமாக வெட்டினால் எங்கள் மடையில் நீர் ஏறாது என்று வாதமும் செய்தோம்.

மடைகளைத் திறந்து மூடும் பெரியவர் ஒருவர் எங்களைக் கடைமடை வரையில் நடத்திச் சென்றார். வழியெல்லாம் கோரையும் ஆகாயத்தாமரைச் சருகும் மண்டியிருந்தன. முந்தைய ஆண்டு நட்ட பயிர் கருகிய வயல் வெடித்துக் கிடந்தது.

“தம்பிகளே, எத்தனை அடி வெட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும்? அதை முதலில் சொல்லுங்கள்” என்றார்.

அன்றிரவு கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. உண்மையில் வாய்க்காலில் இறங்கி வெட்டியோரிற் பெரும்பாலோர் கூலிக்கு வந்தவர். அவர்களை அதுவரை எந்தக் கூட்டத்திற்கும் எவரும் அழைத்ததில்லை. இதை எழுத இன்றும் எனக்கு நாணமாக இருக்கிறது. அவர்களுள் ஒரு தாய் எழுந்து, “எங்களுக்கு ஒரு குழி நிலமும் இல்லை, ஐயா. ஆனால் கடைமடை விளையாவிட்டால் அறுப்பு வேலையும் எங்களுக்கு இல்லை” என்றார். மண்டபம் அமைதியாயிற்று.

கடைசி வயல் நனைவதே வேலையின் முடிவு என்று உறுதி செய்தோம். அவரவர் பங்கு என்பது ஒழிந்தது. எல்லோரும் கடைமடையில் தொடங்கி, முளையடித்துக் கயிறு கட்டி மட்டம் பார்த்து, மேல்நோக்கி வெட்டி வந்தோம். கூலி அன்றன்றே பொழுது சாய்வதற்குள் கொடுக்கப்பட்டது. சண்டைகள் இல்லாமற் போகவில்லை. ஆயினும் சண்டையின் நடுவே எவரேனும் கயிற்றைச் சுட்டுவார், பேச்சு நின்றுவிடும்.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணையைக் கடந்து எங்கள் மதகுக்கு ஓர் இரவில் வந்தது. நுரையும் சருகும் சுமந்து ஊர்ந்த அந்நீரின் முன்னே அரிக்கன் விளக்குடன் நடந்தோம். எங்கள் வயலின் மடை வந்ததும், பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே குனிந்து, சேற்றை அள்ளி அதனை அடைத்தேன்.