பெயரறிந்து தேடுவோம்

ஆய்வு என்பது அறிஞர்களுக்கே உரியது என்றெண்ணி ஒதுங்கி நிற்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த நம் முன்னோர் எந்தச் சொற்களால் செபம் கற்றனர் என்ற எளிய கேள்வியே நம்மை ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் படியேற வைத்தது.

'தமிழ்', 'செபம்' என்னும் சொற்களுக்கு நூற்பட்டியல் காட்டியவை பெரும்பாலும் அண்மைக்கால வெளியீடுகளே. அங்கிருந்த நூலகர் அமைதியாகக் கேட்டார்: "அந்நூலை அந்நாளில் அச்சிட்டவர்கள் அதனை என்ன பெயரிட்டு அழைத்தார்கள்?" தேடலின் திறவுகோல் அக்கேள்வியில் இருந்தது.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல். போர்த்துக்கீசிய மொழியிலிருந்து அதனைத் தமிழாக்கியவர் இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார். அந்நூலுக்குப் போர்த்துக்கீசியத் தலைப்பும் உண்டு. அதில் நம் மொழி 'மலவார் தமுல்' எனப்படுகிறது. ஆசிரியரோ மேலைநாட்டுப் பட்டியல்களில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் பெயரில் இருக்கிறார். நாம் வழங்கும் பெயரோடு பிறர் இட்ட பெயரையும் அறிந்தால்தான் கதவு திறக்கும்.

அடுத்த வழி, அண்மைக்கால நூலொன்றின் அடிக்குறிப்புகளைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடப்பது. அவ்வாறு நடந்தபோது 'தம்பிரான் வணக்கம்' ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்திலும், 1586இல் அச்சான 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்திலும் இருப்பதை அறிந்தோம். பின்னதை இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் மறுபதிப்பாக நமக்களித்தார். புரோயன்சா அடிகளாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியைத் தனிநாயகம் அடிகளார் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்டார். கடல் கடந்து கிடந்தவை இவ்வாறே நம் கைக்கு வந்தன. மூலநூல் தொலைவில் இருப்பினும், பிற நூலகங்களிலிருந்து இரவலாகவோ படியெடுத்தோ பெற்றுத்தரும் வசதி பல பல்கலைக்கழக நூலகங்களில் உண்டு. நூலகரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

அன்பர்களே, இத்தேடலில் மகிழ்ச்சியோடு ஒரு வலியும் நம்மைத் தொட்டது. நம் மண்ணின் மக்கள் செபிப்பதற்கென அச்சான ஏட்டைக் காக்க அயல்நாட்டு அலமாரி வேண்டியிருந்ததே! நம் பங்குகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் கரையானுக்கு இரையாவதை இன்றும் காண்கிறோம். வெள்ளிவிழா மலர்கள் பலவற்றில் வெளியான ஆண்டுகூட அச்சாவதில்லை. பெயரும் ஆண்டும் இல்லாத நூலை எந்த நூலகர்தான் எங்ஙனம் பட்டியலிடுவார்?

எனவே, அடுத்த முறை நம் பங்கில் மலர் வெளியிடும்போது ஊர்ப்பெயர், ஆண்டு, பதிப்பித்தவர் பெயர் ஆகியவற்றை முதற்பக்கத்தில் தெளிவாக அச்சிடுவோம். ஒரு படியை அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்திற்கு அனுப்பி வைப்போம். நாம் எவ்வாறு செபித்தோம், எவ்வாறு வாழ்ந்தோம் என்று நம் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் தேடி வருவார்கள்.