ஏழாம் நாள் யாருக்கு?

திருத்தணி மலைக்கோயிலுக்குச் செல்லும் படிகள் 365. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது ஊர் வழக்கு. ஏறுகின்ற அடியார்கள் இடையிடையே அமர்ந்து இளைப்பாறி, பின்னர் எழுந்து நடப்பதை அடிவாரத்தில் வாழும் நாம் கண்டுவருகிறோம். மூச்சு வாங்க அமர்ந்தவரைச் சோம்பேறி என்று எவரும் ஏசுவதில்லை. ஆனால் அதே ஊரிலிருந்து விடியுமுன் வேலைக்குப் புறப்படும் ஒருவர், வாரத்தில் இன்னும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று வாய் திறந்தால் போதும்; "நாடு முன்னேற வேண்டாமா?" என்று கேட்க நம்மிடையே பலர் உளர். நாமும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்களே.

நம் எண்ணத்தை மாற்றியது ஒரு ஞானஸ்நானம். உறவினர் இல்லத்துக் குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்க வேண்டிய இளைஞர் அந்த ஞாயிறன்று வரவில்லை. திருப்பலி முடிந்தது. பங்குத் தந்தை அரைமணி நேரம் பொறுத்திருந்தார். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியும் விட்டது. இறுதியில் வேறொருவர் அவருக்குப் பதிலாக நின்று மெழுகுதிரியை ஏந்தினார். இரவு எட்டரை மணிக்குமேல் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி, சீருடையோடு வந்து நின்ற அந்தத் தம்பியை நாம் சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

"மறந்துவிடவில்லை, ஐயா. அவசர ஆர்டர் என்று நேற்று மாலைதான் சொன்னார்கள். மறுத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள்" என்றார். நமக்கு மேலே பேச நா எழவில்லை.

அன்றிரவு அவரோடு அமர்ந்து கணக்குப் போட்டோம். வேலை எட்டு மணி நேரம், உணவுக்கு அரைமணி. திருத்தணியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சென்று சேர, பேருந்துக்குக் காத்திருப்பதையும் கூட்டினால் இரண்டு மணி. திரும்பி வர இரண்டு மணி. ஆக, வாசலைத் தாண்டியது முதல் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் வரை பன்னிரண்டரை மணி. ஆறு நாளுக்கு 75 மணி. சம்பளக் கணக்கில் ஏறுவது 48. எஞ்சிய 27 மணி மனைவி மக்களின் கணக்கில் மட்டுமே ஏறுகிறது. மின்தொடர் வண்டியில் சென்னைக்குச் சென்று வருவோர் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இந்த 48 என்னும் எண் தானாக வந்ததன்று. இந்தியத் தொழிற்சாலைகளில் வார வேலைநேரம் 1922-இல் 60 மணியாகவும், 1934-இல் 54 மணியாகவும் வரையறுக்கப்பட்டது. அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் 1946-இல் அது 48 ஆயிற்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனையே உறுதிசெய்தது. இருபத்துநான்கு ஆண்டுகளில் பன்னிரண்டு மணி குறைந்தது. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு மணியும் குறையவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு ஆறு நாள் என்பதே அளவு. இதற்கிடையில் இயந்திரங்கள் எத்தனை மடங்கு விரைவு பெற்றன! அந்த விரைவில் ஒரு மணியேனும் உழைப்பவர் வீடு வந்து சேர்ந்ததா? மத்திய அரசு அலுவலகங்களில் 1985 முதல் வாரத்திற்கு ஐந்து நாளே வேலை. வங்கிகளுக்கு 2015 முதல் மாதத்தில் இரு சனிக்கிழமைகள் விடுமுறை. நாற்காலியில் அமர்ந்தவர்க்கு இயன்றது நின்று உழைப்பவர்க்கு இயலாது என்பது நமக்கு விளங்கவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நிறைவேறியபோது, விரும்புவோர் வாரத்தில் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்று சொல்லப்பட்டது. கேட்க இனிமைதான். ஆனால் வாரத்திற்கு அதே 48 மணி. நான்கால் வகுத்தால் நாளுக்குப் பன்னிரண்டு. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெற்றதாக முதலமைச்சர் அறிவித்தார். நம் தம்பிக்கோ அதில் ஒரு குறை இருந்தது. "நான்கு நாளென்றால் இரண்டு நாள் பயணம் மிச்சம் அல்லவா, ஐயா?" என்றார். அதுவும் மெய்யே, தொலைவிலிருந்து செல்வோர் துயரம் அவருக்கே தெரியும். மீண்டும் கணக்கிட்டோம். நாளுக்குப் பதினாறரை மணி வெளியே; உறங்கவும் குளிக்கவும் உண்ணவும் ஏழரை மணி. அந்நான்கு நாளும் விழித்திருக்கும் பிள்ளையின் முகத்தைத் தந்தை காண இயலாது. ஆதலால் நாம் கேட்பது மணிகளை மாற்றி அடுக்குவதன்று, குறைப்பது. நாளுக்கு எட்டு மணி, வாரத்திற்கு ஐந்து நாள், சம்பளம் குறையாமல். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 40 மணி வாரத்திற்கென 1935-இலேயே ஓர் உடன்படிக்கையை ஏற்றுள்ளது.

இது திருச்சபைக்குப் புதிய பேச்சன்று. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உடலும் உள்ளமும் மழுங்கும் அளவுக்கு வேலை வாங்கலாகாது என்றது. 2025-இல் தேர்வான திருத்தந்தை அதே பெயரைச் சூடியதற்கு அச்சுற்றுமடலையே காரணமாகக் கூறினார். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியவர் சிங்காரவேலர். சிங்கராயரும் சிங்காரவேலரும் நேரில் சந்தித்திருந்தால் பலவற்றில் சண்டையிட்டிருப்பர். வேலைநேரத்தில் மட்டும் ஒத்துப்போயிருப்பர் என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

ஒன்றை மறைக்கலாகாது. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து விசைத்தறிகளில் நெய்த அளவுக்கே கூலி. அங்கே ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் அடுப்புக்கு அது நட்டம். கூலி வீதத்தை உயர்த்தாமல் மணியை மட்டும் குறைத்தால் அவர்களுக்கு ஓய்வு வாராது, கடனே வரும்.

இவ்வளவும் எழுதும் நாம், ஞானஸ்நானத்தன்று கோயிலைவிட்டு நேரே சென்றது எங்கே? குழந்தைக்குத் துணி எடுக்கத் துணிக்கடைக்கு! விற்பனைப் பெண் நின்றபடியே பத்துச் சட்டைகளைப் பிரித்துக் காட்டினார். விடுமுறை என்றைக்கு என்று கேட்டோம்.

"செவ்வாய்க்கிழமை, அம்மா. ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம் அதிகம்" என்று நம் வீட்டு அம்மையாரிடம் சொன்னார்.

"உன் வீட்டுக்காரருக்கு, அம்மா?"

"அவருக்கு ஞாயிறு."

பிரித்துப் போட்டவற்றையெல்லாம் மறுபடி மடிக்கத் தொடங்கினார். நாம் எடுத்தது ஒரே ஒரு சட்டை.